ஆகஸ்ட் லீவுக்குப் பிள்ளைகளோடு எங்கே போகலாம்? வேன் வேண்டாம், கையைக் கடிக்கவும் கூடாது

கொட்டகலை அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கொட்டகலைப் பக்கம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6, கூடவே மாமியார். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை, ஆகஸ்டில் நாலு நாள் லீவு கேட்டு வைத்திருக்கிறார். அந்த நாலு நாளைக்குள் பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று இப்போதே வீட்டில் ஒரே பேச்சு.

ஏப்ரலில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து வேன் பிடித்து நுவரெலியா போனோம். சீசன் நேரம், டவுனுக்குள் வேன் நகரவே இல்லை. கிரெகரி வாவியில் போட், அப்புறம் குதிரை, அப்புறம் பலூன், நடுவில் மழை பிடித்ததால் ஒரு கடைக்குள் ஒதுங்கினோம், ஒதுங்கியதற்காகவே எல்லாருக்கும் ஃப்ரைட் ரைஸ் வாங்க வேண்டியதாகிவிட்டது. வேன் காசைப் பங்கு போட்ட பிறகும் அந்த மாதம் நகைக்கு வட்டி கட்ட முடியாமல் போனதுதான் மிச்சம். மகளிடம் டூர் எப்படி என்று யாராவது கேட்டால் வேனில் வாந்தி எடுத்த கதையைத்தான் சொல்கிறாள்.

அதனால் கேட்கிறேன். பஸ்ஸிலோ ரயிலிலோ போய் அன்றைக்கே வீடு திரும்பக்கூடிய, சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் யாரும் ஒரு மாதிரி பார்க்காத இடம் ஏதாவது இருக்கிறதா? மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டார், ஆனால் விட்டுவிட்டுப் போனால் அடுத்த தீபாவளி வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். ஆகஸ்டில் எங்கள் பக்கம் மழையும் விடாது. யூடியூபில் பார்த்தால் எல்ல என்ற ஊர், ஊஞ்சல், கேபிள், ஒரு ஆளுக்கு இத்தனை ஆயிரம் என்று சொல்கிறார்கள், அதெல்லாம் நமக்குச் சரிவராது. எங்கும் போகாமல் வீட்டிலேயே செய்யக்கூடியது இருந்தாலும் சொல்லுங்கள்.


ரயில் பைத்தியம் எழுதியது:

தங்கச்சி, கொட்டகலையில் ஸ்டேஷனை வைத்துக்கொண்டு வேன் தேடுகிறீர்களே! வெளிநாட்டுக்காரன் பல்லாயிரம் மைல் பறந்து வந்து ஏறுகிற ரயில் உங்கள் வீட்டு வாசலில் கூவிக்கொண்டு போகிறது.

ஆனால் ஒன்று, கொட்டகலையில் ஏறாதீர்கள். பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய் அங்கே பதுளைப் பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள். ஏன் என்றால் சிங்கமலைச் சுரங்கம் ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் இருக்கிறது. அரைக் கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூடவே நீளம், இந்த லைனில் அதுதான் பெரியது. இஞ்சின் உள்ளே நுழைந்ததும் பெட்டியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் ஊஊ என்று கத்தும், டீசல் புகை ஜன்னல் வழியாக வந்து தொண்டையில் நிற்கும், பெரியவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மறுபக்கம் வெளியே வந்ததும் கண் கூசும். உங்கள் மகள் அதற்காகவே இன்னொரு தடவை போகலாம் என்பாள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு தலவாக்கலைக்கு முன்னால் செயின்ட் கிளேயர் அருவி ரயிலிலிருந்தே தெரியும். அப்புறம் வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல, நானுஓயா. கிட்டத்தட்ட ஒன்றரை மணிநேரப் பயணம், அதற்கு மேல் சின்னப் பிள்ளை தாங்காது. மூன்றாம் வகுப்பு டிக்கெட்டை அன்றைக்கே கவுண்டரில் எடுக்கலாம், முன்பதிவு தேவையில்லை. நீங்கள் ஐந்து பேரும் ரயிலில் போய்வரும் காசைச் சொன்னால் உங்கள் வேன்காரர் சிரித்துவிடுவார், அவ்வளவு குறைவு. லீவு நாளில் சுற்றுலாக்காரர் கூட்டம் இருக்கும்தான், மாமியாருக்கு சீட் கிடைக்குமா என்றால் நம்ம சனம் வயதானவர்களுக்கு எழுந்து இடம் கொடுக்கும், பயப்பட வேண்டாம்.

கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிற பழக்கத்தை மட்டும் மகனுக்கு இப்போதே சொல்லித் தடுத்து வையுங்கள். அப்படி விழுந்தவர்கள் உண்டு. பெருமழை பெய்தால் மண் சரிந்து லைனை மூடிவிடுவார்கள், அதனால் முதல் நாளே ஸ்டேஷனுக்குப் போன் போட்டு ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நானுஓயாவில் இறங்கி நுவரெலியா பஸ். ஐயோ மறுபடியும் நுவரெலியாவா என்று யோசிக்காதீர்கள், டவுனில் நிற்கவே வேண்டாம். ஸ்டாண்டிலேயே வெலிமடை ரோட்டில் போகும் பஸ்ஸில் மாறி ஏறுங்கள். அந்த ரோட்டில் முதலில் சீதாஎலிய அம்மன் கோயில், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹக்கல தாவரவியல் பூங்கா. கோயில் ரோட்டோரமே, மாமியார் சந்தோஷமாக இறங்கிவிடுவார். பின்னால் ஓடும் ஆற்றில் பாறை மேல் அனுமார் பாதம் என்று குழிகளைக் காட்டுவார்கள், உங்கள் மகன் தன் காலை வைத்து அளந்து பார்ப்பான், எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் செய்கின்றன. பிறகு ஹக்கல. டிக்கெட் உண்டு, ஆனால் உள்ளூர்க்காரருக்குத் தனி விலை, வெளிநாட்டாருக்குப் போடும் விலையில் ஒரு துண்டுதான். ஒரு தடவை உள்ளே போய்விட்டால் சாயந்திரம் வரைக்கும் வேறு செலவு கிடையாது, புல்லில் துணி விரித்துக் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். 1861இல் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து எடுக்கும் சின்கோனா மரம் நடுவதற்காகத் தொடங்கிய தோட்டம் அது, பிறகுதான் ரோசாவும் பன்னத் தாவரமும் வந்தன. மகனிடம் இதைச் சொல்லி வைத்தால் பலகையெல்லாம் படித்துக்கொண்டு வருவான்.


கூடைக்காரி எழுதியது:

அண்ணன் சொல்வது நல்ல யோசனை, நானும் போயிருக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஹக்கலவில் குரங்குகள் இருக்கின்றன. ஷாப்பிங் பேக் சரசரத்தால் போதும், எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் பக்கத்தில் நிற்கும். சாப்பாட்டை மூடி போட்ட பெட்டியில் வைத்துத் தோளில் மாட்டும் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.


பத்தனை டீச்சர் எழுதியது:

மீனாவுக்கோ மாலாவுக்கோ, பெயர் தெரியாது, கொட்டகலை அம்மாவுக்கு வணக்கம். நான் இன்னும் கிட்டத்தில் ஒன்று சொல்கிறேன். ஹட்டன் நுவரெலியா பஸ்ஸில் ஏறிப் பத்தனையைத் தாண்டினால் ரோட்டிலிருந்தே இரண்டு அருவி பார்க்கலாம். டெவன் 97 மீட்டர், ஒற்றைக் கயிறாய் விழும். செயின்ட் கிளேயர் 80 மீட்டர்தான், ஆனால் அகலம் அதிகம். இரண்டுக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். மாமியார் ஒரு படி கூட ஏற வேண்டாம். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் தொடங்கியதிலிருந்து செயின்ட் கிளேயருக்குப் பகலில் அளந்துதான் தண்ணீர் விடுகிறார்கள், அதனால் இருட்டுவதற்கு முன்னால் போவது நல்லது. ஆகஸ்ட் மழையில் டெவன் பொங்கிக்கொண்டு வரும். நமக்கு மழை தொந்தரவு, அருவிக்கு அதுதான் சீசன்.

இங்கே நான் டீச்சராகவும் ஒன்று சொல்ல வேண்டும். பார்ப்பதற்குப் போங்கள், குளிப்பதற்குப் போகாதீர்கள். மேலே எங்கோ மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். ஒவ்வொரு லீவிலும் எங்காவது ஓர் அருவியில் ஒரு பள்ளிப் பிள்ளை போய்விட்டது என்று செய்தி வருகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மத்தியானம் மகன் கையில் போனைக் கொடுத்து அப்பாயியை உட்காரவைத்துப் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். எந்த ஊரிலிருந்து தாத்தா வந்தார், எந்தத் தோட்டத்தில் முதல் பேர் பதிந்தார்கள், கல்யாணம் எப்படி நடந்தது, கூப்பன் மாவுக்கு எப்படி வரிசையில் நின்றார்கள். என் வகுப்பில் இதை லீவு வேலையாகக் கொடுத்தேன். ஒரு பையன் பதிந்து வந்ததில் அவன் பாட்டி நடுவில் பாட்டு ஒன்று பாடிவிட்டார், கொழுந்து எடுக்கும்போது பாடுவார்களே அந்த மாதிரி. வகுப்பில் போட்டதும் மற்றப் பிள்ளைகளும் எங்கள் பாட்டிக்கு இன்னொரு வரி தெரியும் என்று ஆளுக்கு ஆள் கிளம்பிவிட்டார்கள். காசு செலவில்லை, முழங்காலும் வலிக்காது.

இன்னொன்று, உங்கள் வீட்டுப் பக்கம் தேயிலை மலைக்குள் காலையில் ஒரு நடை நடக்கலாம். நகரத்துக்காரர்கள் காசு கொடுத்து நடக்கிற இடம் அது.


கூடைக்காரி எழுதியது:

டீச்சர் கோபிக்கக் கூடாது. மற்றதெல்லாம் சரி, அந்தக் கடைசி யோசனைக்கு மட்டும் நான் வர மாட்டேன். வாரம் ஆறு நாள் அதே மலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன், அட்டை கடிக்கிறது, மழையில் படங்கு கட்டிக்கொண்டு நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதே மலையைச் சுற்றிப் பார்ப்பதா? நகரத்துக்காரருக்கு அது காற்று வாங்கும் இடம். எனக்கு ஒவ்வொரு செடியும் இத்தனை கிலோ என்றுதான் தெரியும்.

என் பிள்ளைகளுக்கு டவுன்தான் வேண்டும், அதில் என்ன தப்பு? மாதத்தில் ஒரு நாள் சம்பளம் எடுத்த கையோடு ஹட்டனுக்குப் போவோம். முதலில் கோயில், அப்புறம் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீம், பழைய புத்தகமோ கலர் பென்சிலோ ஏதாவது ஒன்று, வரும்போது சூடாக வடையும் கச்சானும். முன்கூட்டியே ஆளுக்கு இத்தனை ரூபாய் என்று கையிலேயே கொடுத்துவிடுவேன். அதற்குள் என்ன வேண்டுமானாலும் வாங்கு, முடிந்தால் முடிந்தது. அப்புறம் அம்மா அது வேணும் இது வேணும் என்ற பேச்சே கிடையாது. கடைக்கடையாக ஏறி விலை கேட்டு, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வருவார்கள். அதுதான் அவர்களுக்கு விளையாட்டு. என் இளையவள் ஒரு தடவை அரை மணிநேரம் யோசித்து ஒரு ரிப்பன் வாங்கினாள், மிச்சக் காசை எண்ணி எண்ணி வீடு வந்து சேர்ந்தாள்.

மழை நாளுக்குக் கேரம் போர்ட் இருந்தால் போதும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே ஒரு போர்ட்தான், நாலு வீட்டுக்கும் அதுதான், பவுடர் தீர்ந்தால் மைதா மா. பெரியவர்கள் உட்கார்ந்தால் சின்னதுகளுக்கு இடம் கிடைக்காது என்பது ஒரு குறை. மாமியாருக்குத் தாயம் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். சுவரில் கரியால் கட்டம் போட்டுக் கணக்கு வைத்தால் ராத்திரி கரண்ட் போனாலும் குப்பி விளக்கில் ஓடும். என் மாமியார் அதில் கள்ள ஆட்டம் ஆடுவார், அதையும் சொல்லி வைக்கிறேன்.


ஹப்புத்தளைத் தம்பி எழுதியது:

கூடைக்காரி அக்கா சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தேயிலையைப் பற்றி ஒரு சின்னக் கேள்வி. உங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் ஃபெக்டரிக்குள் போயிருக்கிறார்கள்? எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் போனதில்லை. அம்மா எடுக்கிற கொழுந்து லாரியில் ஏறிப் போவதோடு சரி. டூரிஸ்ட்டுக்கு மட்டும் சுற்றிக் காட்டுகிறார்கள். ரம்பொடை ரோட்டில் லபுக்கலையில் கூட்டிப் போய்க் காட்டுவார்கள், இங்கே தம்பதென்னவில் டிக்கெட் உண்டு, 1890இல் லிப்டன் கட்டிய ஃபெக்டரி அது. உங்கள் சொந்தத் தோட்டத்தில் ஐயாவிடம் கேட்டால் லீவு நாளில் பிள்ளைகளை உள்ளே விடுவார், சில இடத்தில் கேட்ட உடனே விட்டிருக்கிறார்கள். கொழுந்தை வாட்டுவது, ரோலரில் நசுக்குவது, பச்சை நிறம் செம்பாக மாறுகிற அந்த வாசம், பிறகு அடுப்புச் சூடு, கடைசியில் சல்லடையில் பி.ஓ.பி என்ற நல்ல ரகம் வேறு, டஸ்ட் என்ற பொடி வேறு என்று பிரிவது. நாம் கடையில் வாங்குகிற தூள் அந்தக் கடைசிச் சல்லடையில் விழுகிறது என்று பார்த்ததும் என் தம்பி மகன் கேட்டான், அப்போ நல்லதை யார் குடிக்கிறார்கள் என்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியும், சொல்ல மனசு வரவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். அக்கா, ஆகஸ்டில் உங்கள் பக்கம் மழை என்றால் எங்கள் பக்கம் வாருங்கள். தென்மேற்குக் காற்று கொண்டுவருகிற மழையெல்லாம் உங்கள் மலையிலேயே கொட்டிவிடும், எங்கள் ஊவாப் பக்கத்துக்கு வரும்போது வெறும் காய்ந்த காற்றுதான். ரயிலில் வந்தால் கண்ணால் பார்க்கலாம். பட்டிப்பொல ஸ்டேஷன் 1891 மீட்டர், நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன். அதுவரை மூட்டம், கூதல், ஜன்னலைச் சாத்து என்று மாமியார் சொல்வார். அதைத் தாண்டி ஒரு சுரங்கம் வரும், மறுபக்கம் வெயில். எப்போதும் அப்படி நடக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் ஆகஸ்டில் பல நாள் அப்படித்தான்.

ஹப்புத்தளையில் இறங்கினால் ஆதிசம் பங்களா. சர் தாமஸ் வில்லியர்ஸ் என்ற துரை 1931இல் கல்லில் கட்டியது, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகள் இருக்கிறார்கள். சனி ஞாயிறு, போயா என்ற பௌர்ணமி, பள்ளி லீவு நாட்களில் திறப்பார்கள், டிக்கெட் சின்னக் காசு. துறவிகள் செய்கிற ஜேம், ஜெலி போத்தல் வாங்கலாம், வாங்காவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. டவுனிலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும், மாமியாருக்காக த்ரீவீல் ஒன்று பேசிக்கொள்ளுங்கள், ஏறுவதற்கு முன்னாலேயே பேசுங்கள். லிப்டன் சீட் என்று மலை மேல் காட்சி பார்க்கும் இடம் ஒன்று உண்டு, அது உங்களுக்கு வேண்டாம். காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் மூட்டம் மூடிவிடும், கொட்டகலையிலிருந்து அதற்குள் வந்து சேர முடியாது.

ஒரே நாளில் போய்த் திரும்பினால் பிள்ளை களைத்துவிடும், அது உண்மை. இந்தப் பக்கம் பண்டாரவளையிலோ பதுளையிலோ சொந்தக்காரர் யாரும் இல்லையா? ஒரு ராத்திரி தங்கினால் மறுநாள் தெமோதரை வரை ரயிலில் போகலாம். அங்கே ரயில் ஒரு வட்டம் அடித்து, தான் நின்ற அதே ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போகும். 11 வயதுப் பையனுக்கு அதைப் படம் வரைந்து காட்டினாலும் நம்ப மாட்டான், நேரில்தான் பார்க்க வேண்டும்.


கொட்டகலை அம்மா எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. ரயில் அண்ணன் சொன்ன சுரங்கத்தை மகனிடம் சொன்னேன், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதுவரைக்கும் ஏன் கூட்டிப் போகவில்லை என்று சண்டைக்கு வந்துவிட்டான். பண்டாரவளையில் வீட்டுக்காரரின் சித்தி இருக்கிறார், அங்கே போனால் வெறும் கையோடு போக முடியாது, அது ஒரு செலவு. ஆனால் யோசிக்கிறோம்.

மாமியாருக்கு ஒரு ஆசை. அவர் பிறந்தது மஸ்கெலியாப் பக்கம். அணைக்கட்டுக் கட்டியபோது தண்ணீருக்குள் போன பழைய டவுனைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஆகஸ்டில் தெரியுமா?


மஸ்கெலியாக்காரன் எழுதியது:

ஆகஸ்டில் தெரியாது அக்கா. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் நிறைந்து கிடக்கும், தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு வருவார். 1960களின் கடைசியில் மூழ்கிய டவுன் அது. நல்ல வெயில் காலத்தில், மார்ச் ஏப்ரல் மாதிரி, தண்ணீர் இறங்கினால்தான் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் வெளியே வரும். அப்போது கூட்டமும் வரும், கச்சான் வண்டியும் வரும். அம்மாவை ஏப்ரல் லீவுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரோட்டிலிருந்து பார்க்கலாம். கீழே இறங்கி நடக்கவே கூடாது, மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே சேறு, காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

இப்போது கிட்டத்தில் வேண்டும் என்றால் டிக்கோயாப் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாகப் போகிற பஸ்ஸில் சும்மா ஏறி உட்காருங்கள். கரையில் வார்லி தேவாலயம் இருக்கிறது, 1878இல் கட்டியது, சின்னதுதான், சுற்றிப் பழைய துரைமார் கல்லறைகள். ஓர் அரை மணிநேரம் அமைதியாக உட்காரலாம். ஆட்டம் பாட்டம் வேண்டிய பிள்ளைகளுக்கு அது சலிப்பு, அதையும் சொல்லிவிட வேண்டும்.


கூடைக்காரி எழுதியது:

நான் இன்னொன்று சொல்ல மறந்தேன், ஆகஸ்டுக்கு இல்லை, மாசி மாதத்துக்கு. உங்கள் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுகிறார்களா? எங்கள் பக்கம் சில வருடம் நின்றிருந்தது, இப்போது பெடியன்கள் மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். மாசி அமாவாசை கழித்துக் கம்பம் நட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ராத்திரியும் ஏதாவது நடக்கும். ரதியும் மன்மதனும் வீடு வீடாக வருவார்கள். கடைசி ராத்திரி விடியும் வரைக்கும். தப்பு அடிக்கிறவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள், விரலால் தட்டிப் பார்த்து இன்னும் கொஞ்சம் காட்டு என்பார்கள், டண் என்று வந்ததும் எழுந்து நிற்பார்கள். அந்தச் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருக்கிற குழந்தை கூட எழுந்து உட்காரும். எமனும் வீரபத்திரனும் வருகிறபோது சின்னதுகள் அலறிக்கொண்டு அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொள்ளும், ஆனால் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். மன்மதனை எரித்த பிறகு ரதி ஒப்பாரி வைக்கும்போது பெரிய பெரிய ஆம்பளைகள் மூக்கைச் சிந்துவதைப் பார்க்கலாம். போர்வையும் ஃப்ளாஸ்க் தேத்தண்ணியும் இருந்தால் போதும், டிக்கெட் கிடையாது, தட்டில் விருப்பப்பட்டதைப் போடலாம். ரதியாக ஆடுகிற பெடியன் காலையில் கவ்வாத்து வெட்டப் போவான், பிள்ளைகள் பின்னாலேயே ரதி ரதி என்று கூப்பிட்டுக்கொண்டு போகும்.


பத்தனை டீச்சர் எழுதியது:

கோபமெல்லாம் இல்லை கூடைக்காரி. நீங்கள் சொன்னது சரி, நான் அதைக் கூடை தூக்காத ஆள் மாதிரித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் காமன் கூத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு உங்களை எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது.

கொட்டகலை அம்மா, சித்தி வீட்டுக்குப் போகவில்லை என்றால் மாமியாருக்காக இன்னொரு இடம். கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பழைய பாத்திரம், வேலைச் சாமான், தாள், படம் எல்லாம் இருக்கிறது. 2023இல் நம்ம முன்னோர் வந்து 200 வருடம் ஆனதற்காக மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதற்குப் பிறகு பெரிய பிள்ளைகள் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். வெறுமனே பிள்ளையைக் கூட்டிப் போனால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவான். அப்பாயியோடு போனால் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கதை வரும். திறந்திருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.


கொட்டகலை அம்மா எழுதியது:

சரி, முடிவு பண்ணியாகிவிட்டது. வீட்டுக்காரரோடும் பேசினேன். முதல் நாள் அவர் தூங்கட்டும், பாவம். இரண்டாம் நாள், வார நாளில், ஹட்டனில் ரயில் ஏறி நானுஓயா, சீதாஎலிய, ஹக்கல. கூடைக்காரி அக்கா மாதிரி பிள்ளைகள் கையிலேயே காசைக் கொடுத்துவிடப் போகிறேன், மகன் இப்போதே எவ்வளவு என்று பேரம் பேசுகிறான். மற்ற நாள் பேட்டியும் தாயமும். சித்தி வீடும் மஸ்கெலியாவும் ஏப்ரலுக்கு.

இரண்டே இரண்டு சந்தேகம். மகளுக்கு வளைவு ரோட்டில் வாந்தி வரும், ரயிலில் பரவாயில்லை, ஆனால் நானுஓயாவுக்குப் பிறகு பஸ்தானே? அப்புறம் என்ன சாப்பாடு கட்டலாம்? விடியற்காலையில் எழுந்து சமைக்க வேண்டும், மத்தியானம் வரைக்கும் கெடாமலும் இருக்க வேண்டும்.


கூடைக்காரி எழுதியது:

ரொட்டிதான் தங்கச்சி, வேறு என்ன. முதல் நாள் ராத்திரியே கோதுமை மாவைப் பிசைந்து வைத்தால் காலையில் சுடுவது மட்டும்தான் வேலை. தேங்காய்ச் சம்பல் வேண்டாம், கட்டச் சம்பல் இடித்துக்கொள்ளுங்கள், வெங்காயம் கொச்சிக்காய் உப்பு மாசிக் கருவாடு. பிள்ளைகளுக்கு உறைக்கும், அவர்களுக்குப் பருப்பைக் கெட்டியாக வைத்துத் தனிப் பெட்டியில். நெத்தலியைக் கருவேப்பிலை போட்டு மொறுமொறு என்று பொரித்தால் வழியிலேயே பாதி தீர்ந்துவிடும், அதனால் கூடவே பொரியுங்கள். சோறு வேண்டும் என்று மாமியார் சொன்னால் புளிச்சோறு. குரங்கை மறக்க வேண்டாம்.

மகளுக்குக் காலையில் பால் தேத்தண்ணி கொடுக்காதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள், இரண்டு பிஸ்கட் போதும். பஸ்ஸில் முன் சீட், கையில் கீறின எலுமிச்சம்பழம். மூக்கில் வைத்துக்கொண்டே வரட்டும்.


ரயில் பைத்தியம் எழுதியது:

திரும்பி வருவதற்கு நானுஓயாவுக்குப் போய் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம், சாயந்திரம் எவ்வளவு லேட் என்று யாருக்கும் தெரியாது. நுவரெலியாவிலிருந்து ஹட்டன் பஸ் நேராகக் கொட்டகலை வழியாகத்தான் வருகிறது, டீச்சர் சொன்ன இரண்டு அருவியும் அதே ரோட்டில். வெளிச்சம் இருக்கும்போதே ஏறினால் அதையும் பார்த்ததாகிவிடும். மகள் தூங்கிவிட்டால் தூங்கட்டும், அந்த வளைவுகளுக்கு அதுதான் நல்லது. ஸ்வெட்டரைப் பையின் அடியில் போடாமல் மேலே வையுங்கள், நானுஓயாவில் இறங்கியதும் தேவைப்படும்.